இரண்டு தடவை அமுக்கினால்

இன்னும் அந்தக் கை எடுபடவில்லை. தன் வீட்டுத் தூணைக் கட்டிக்கொண்டு நிற்பவனைப் போல அத்தனை உரிமையோடு ஆவுடையப்பன் அவள் புருஷன் ஆசீரின் கழுத்தை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு நிற்கிறான். சுற்றிலும் ஜனம் ‘விடாத, விடாத’ என்றும் ‘விட்ருல, பெருசு செத்துரும்’ என்றும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்துகிறது. பொருட்காட்சி மைதானத்துக் குஸ்தி மேடையில் ஞாயிற்றுக்கிழமைச் சாயங்கால வெயில் தகரக் கொட்டகையின் ஓட்டைகள் வழியாக விழுந்து இரண்டு கிழட்டு முதுகுகளையும் பளபளக்க வைக்கிறது. இரண்டாவது வரிசையில், இரும்பு நாற்காலியில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குளோரிந்தா உட்கார்ந்திருக்கிறாள். மற்றவர்கள் பார்ப்பது பிடியை. அவள் பார்ப்பது ஆவுடையப்பனின் உதட்டை. அது அசைகிறது. முகத்தை ராட்சசன் மாதிரி கோணிக்கொண்டு, பல்லைக் கடிப்பது போலப் பாவனை பண்ணிக்கொண்டு, பல்லிடுக்கு வழியாக அவள் புருஷன் காதுக்குள் என்னமோ சொல்லிக்கொண்டே இருக்கிறான். இந்தத் தொழிலில் கழுத்துப்பிடி என்பது பேசுவதற்காக ஏற்பட்ட இடம். அடுத்து எதைச் செய்ய, எந்தப் பக்கம் விழ, மூச்சு இருக்கிறதா இல்லையா, எல்லாம் அங்கேதான் முடிவாகும், ஜனத்துக்குத் தெரியாது. ஆட்டத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும், அதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஆட்டத்தைப் பற்றி மட்டுமா பேசுகிறார்கள்? மகளுக்கு வரன் பார்த்த காலத்தில் தூத்துக்குடி மாப்பிள்ளை வேண்டாம் என்ற தீர்மானம் அந்த அக்குளுக்குள்தான் எடுக்கப்பட்டது. பெற்றவளுக்கு மறுநாள் காலையில் காப்பியோடு தெரிவிக்கப்பட்டது. இப்போது என்ன சொல்லுகிறான்? மூலைக் கம்பத்தில் ஏறு என்கிறானா? மைனி கிடக்கா, நீ ஏறுல, நான் பிடிச்சுக்கிடுதேன் என்கிறானா? அண்ணி முறை வைத்து அவளை மைனி என்கிறவன் அதைத்தான் சொல்லுவான். வேறு என்னத்தைச் சொல்லப் போகிறான்.

மத்தியானம் நடந்தது தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. மீன்முள் என்றால் ஒரு உருண்டைச் சோற்றை விழுங்கினால் இறங்கிவிடும். இது இறங்குகிற முள் இல்லை. கோயில் முடிந்து வந்து, புடவைகூட மாற்றாமல், விளைமீன் குழம்பு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆவுடையப்பன் சாப்பிட வருவான், மண்டியிலிருந்து ஒரு சீப்புக் கோழிக்கூடு பழத்தோடு. வாழைத்தார் மண்டி வைத்திருக்கிறவன் பழம் கொண்டு வருவதில் என்ன பெருமை, ஆனால் ஆசீர் அதை இரண்டு கையாலும் வாங்குவார், என்னமோ பொன்னும் வெள்ளைப்போளமும் வந்தது மாதிரி. ஆவுடையப்பன் கல்யாணம் என்ற ஒன்றைச் செய்துகொள்ளவில்லை. ‘எனக்கும் சேத்து அவன் கட்டிக்கிட்டாம்லா’ என்பான், சிரிப்பான். இது நகைச்சுவை என்று இரண்டு பேரும் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கும் சிரித்தான், சிரித்துவிட்டு, மீன் தலையை உறிஞ்சிக்கொண்டே கேட்டான், ‘ஏல, டாக்டர் குடுத்த கழுத்துப் பட்டைய மறக்காமப் பையில வச்சிட்டியா?’ அவள் கையில் குழம்புக் கரண்டி. ‘எந்தப் பட்டை?’ என்றாள். இரண்டு தடியன்களும் ஒரே சமயத்தில் தட்டைப் பார்த்தார்கள். பதில் வருகிற வரைக்கும் கரண்டியைக் கீழே வைப்பதில்லை என்று நின்றாள். வந்தது, துண்டு துண்டாக. கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறதாம். உள்ளே நரம்பு அமுங்குகிறதாம். ஒரு தப்பான வெட்டு வெட்டினால் கையும் காலும் போனாலும் போகும் என்று வண்ணாரப்பேட்டையில் ஒரு டாக்டர் ஈஸ்டருக்கு முன்னாலேயே சொல்லியாயிற்றாம். இப்போது ஆனி. ‘அண்ணாச்சி, ஒங்களுக்கு எப்பத் தெரியும்?’ என்றாள். ‘சங்கரன்கோயில் ஆட்டத்துல சொன்னான் மைனி’ என்றான் ஆவுடையப்பன், தட்டிலிருந்து நிமிராமலே, ‘பிடியில இருக்கும்போது.’

பிடியில் இருக்கும்போது. கட்டின பெண்டாட்டிக்குக் கட்டிலில் சொல்லாததை, அக்குள் நாற்றத்துக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். எப்படிச் சொல்லியிருப்பார்? கழுத்து போச்சுல என்றிருப்பாரா? அவன் என்ன சொன்னான்? பிடியைக் கொஞ்சம் தளர்த்தியிருப்பான், ஜனத்துக்குத் தெரியாமல். அந்தத் தளர்த்தலே ஆறுதலாக இருந்திருக்கும். அவளிடம் சொல்லியிருந்தால் தளர்த்தியிருக்க மாட்டாள், அது வாஸ்தவம். ஊரைக் கூட்டியிருப்பாள். கறுப்பு ஜட்டியையும் அதன் பின்னால் தைத்துக் கொடுத்த மஞ்சள் பருந்தையும் அடுப்பில் போட்டிருப்பாள். அதற்காகச் சொல்லாமல் இருந்துவிடுவதா? மத்தியானம் அவரைப் படுக்கையறைக்குள் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டாள். ‘ஆட்டம் ஆடுங்க. நோட்டீஸ் ஒட்டிட்டாங்க, சரி. ஆனா அந்த மூலைல ஏறிக் குதிக்கது இருக்குல்லா, அது கூடாது.’ ‘சரிட்டி.’ ‘என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க.’ அவர் முகத்தைப் பார்த்தார். அறுபதைத் தாண்டின முகம், மீசைக்கு அடித்த மை உதட்டோரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ‘ஏறல. போதுமா?’ என்றார். பி.டி. வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆன மனிதர். பிள்ளைகளிடம் பொய் சொன்னதில்லை என்று பேர். பெண்டாட்டியிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் விடுவதுதான் வழக்கம்.

‘எக்கா, இந்த வயசுல இதெல்லாம் தேவையா?’ பக்கத்து நாற்காலிக்காரி கேட்கிறாள். முகத்தை மறைக்கிற அளவுக்கு ஒரு டெல்லி அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்திலிருந்து நொறுக்கிக்கொண்டிருக்கிறாள். மிளகாய்ப்பொடி குளோரிந்தாவின் கோயில் புடவையில் உதிர்கிறது. ‘அந்தக் கறுப்பு ஜட்டிக்காரரப் பாருங்க, எங்க தாத்தா வயசிருக்கும். வீட்ல பொண்டாட்டி இல்லையோ?’ ‘இருக்கா’ என்கிறாள் குளோரிந்தா. ‘பாத்துக்கிட்டு இருக்காளாக்கும்?’ ‘பாத்துக்கிட்டுத்தான் இருக்கா.’ ‘சவம், அவ ஒரு பொம்பள’ என்று சொல்லிவிட்டு அப்பளத்துக்காரி அடுத்த கடி கடிக்கிறாள். ஜட்டி தொளதொளவென்று இருக்கிறதா என்று குளோரிந்தா பார்க்கிறாள். இல்லை, சரியாகத்தான் இருக்கிறது. போன மாதம்தான் எலாஸ்டிக் மாற்றிப் பிடித்துத் தைத்தாள், கால்சட்டைத் துணியில் வெட்டி முழங்கால் உறையும் தைத்தாள். ராட்சசன் வேஷம் கட்டுகிற ஆவுடையப்பனுக்கும் அவள்தான் தைக்கிறாள், சிவப்பு, பின்னால் மண்டை ஓடு. இரண்டு இடுப்பின் அளவும் அவளுக்கு மனப்பாடம். ஆவுடையப்பனுக்கு வருஷம் தவறாமல் சுற்றளவு ஏறுகிறது, ஆசீருக்கு இறங்குகிறது. அதை அளவு நாடாவில் பார்த்தும் கழுத்தைக் கேட்கத் தோன்றவில்லையே உனக்கு என்று ஒரு குரல் உள்ளே கேட்கிறது, அதை வாயை மூடு என்கிறாள். கான்வென்டில் எம்பிராய்டரிக்குப் பரிசு வாங்கின கை. சிஸ்டர்கள் பூவும் புறாவும் போடத்தான் கற்றுக்கொடுத்தார்கள். மண்டை ஓட்டின் பல் வரிசைக்குச் சங்கிலித் தையல் போட்டுக் கொடுத்தபோது ஆவுடையப்பன் சந்தோஷத்தில் அவளைக் கும்பிட்டான். மைனி மாதிரி உண்டா என்றான். உண்டு உண்டு, தைத்துக் கொடுக்க, ஆக்கிப் போட, எண்ணெய்க் கறை போகத் துவைக்க மைனி உண்டு. பிடியில் இருக்கும்போதுதான் மைனி கிடையாது.

கை எடுபட்டுவிட்டது. அப்பாடா என்று நினைப்பதற்குள் ஆவுடையப்பன் அவரைக் கயிற்றை நோக்கி எறிகிறான், அவர் முதுகால் கயிற்றை உந்தித் திரும்பி ஓடி வருகிறார், ஓட்டம் என்ன ஓட்டம், பஸ்ஸைப் பிடிக்க வருகிறவர் மாதிரி ஒரு சாய்ந்த ஓட்டம், ஆனால் வந்து தோளால் இடிக்கும்போது ஆவுடையப்பன் அத்தனை பெரிய உடம்போடு தடாலென்று மல்லாந்து விழுகிறான். ஜனம் எழுந்து விசிலடிக்கிறது. அவன் விழுகிற அழகு அப்படி. எதிராளியைப் பெரிய பலசாலியாகக் காட்டுவது விழுகிறவன் கையில் இருக்கிறது என்று ஆசீர் சொல்லுவார், ‘ஆவுடை மாதிரி எவனாலயும் விழ முடியாது’ என்பார், சொல்லும்போது கண் கனிந்துவிடும். குளோரிந்தா மாதிரி எவளாலும் மீன் குழம்பு வைக்க முடியாது என்று சொல்லும்போது அந்தக் கனிவு வந்ததில்லை. கல்யாணமான புதிதில் குற்றாலத்துக்குப் போனபோதும் இவன் வந்தான். யார் கூப்பிட்டார்கள்? யாரும் கூப்பிடவில்லை, வேனில் முன் சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். ஐந்தருவியில் அவள் புதுப்புடவை நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்க, மாப்பிள்ளை பாறையில் குப்புறப் படுத்திருந்தார், இவன் நல்லெண்ணெயை ஊற்றி முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சாரலில் எண்ணெய் வாசமும் ஈரப்பாசி வாசமும் கலந்து வந்தது. இன்றைக்கும் நல்லெண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தால் அவளுக்குத் தேனிலவு ஞாபகம் வருகிறது, தேனிலவில் அவள் இல்லை. நான் தேய்க்கிறேனே என்று பின்னால் ஒரு நாள் கேட்டும் பார்த்தாள், வெட்கத்தை விட்டு. ‘ஒனக்குத் தெரியாதுட்டி. எந்த இடத்துல எவ்வளவு அமுக்கணும்னு அவனுக்குத்தான் தெரியும்’ என்றார். குத்திக் காட்டுகிற சுபாவமே இல்லாத மனிதர். தண்ணி வெந்நியா இருக்கு என்று சொல்வது மாதிரி சொன்னார்.

அதோடு நகம் வேறு. மேடைக்கு ஏறுவதற்கு முன் இரண்டு பேரும் கையை நீட்டி நகத்தைக் காட்டிக்கொள்வார்கள், ரெப்ரி பார்ப்பதற்கு முன் தாங்களே ஒருவருக்கொருவர். பிடியில் கீறல் விழுந்தால் தொழிலுக்கு அவமானமாம். ஆசீர் வெள்ளிக்கிழமை தோறும் ஒட்ட வெட்டிவிடுவார். ஆவுடையப்பனுக்கு வெட்ட ஒன்றும் கிடையாது, சதை தெரியக் கடித்தே தின்றுவிடுகிறவன். அவளையும் விடமாட்டார். ‘ஏட்டி, நகத்த வெட்டு’ என்பது அந்த வீட்டில் சுப்ரபாதம் மாதிரி, கிறிஸ்தவ வீட்டில் அப்படிச் சொல்லலாமென்றால். அவள் வெட்டமாட்டாள். திங்கள்கிழமை தோறும் அசெம்பிளியில் கையை நீட்டச் சொல்லி, கொஞ்சம் நீண்டிருந்தாலும் கட்டை ஸ்கேலைத் திருப்பி வைத்து விரல் முட்டியில் அடித்த சிஸ்டரின் கையிலிருந்து தப்பித்து வந்தவள் அவள். கல்யாணத்துக்கு மறுநாள் முடிவு செய்தாள், இனி இந்த நகம் என் சொத்து. ஐம்பத்துச் சொச்சம் வயதிலும் பத்து விரலிலும் பூவரசம் மொட்டு மாதிரி வளர்த்துக் கூர்மையாக ராவி வைத்திருக்கிறாள், கறிவேப்பிலை உருவ, கைதவறி அவர் தோளில் பட்டால் அவர் துள்ள. துள்ளட்டும். அவன் தொட்ட இடமெல்லாம் வழுவழுவென்று இருக்கிற உடம்பில் இவள் பட்ட இடம் ஒன்றாவது சுரீரென்று இருக்கட்டும்.

ஆனால் ராத்திரிகளில் ஒரு விஷயம் இருந்தது. அதை நினைக்கக்கூடாது என்று இங்கே வரும்போதே முடிவு செய்திருந்தாள், நினைத்துவிட்டாள். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து, விளக்கை அணைத்துப் படுத்துத் தூக்கம் சொக்குகிற நேரத்தில், அவர் கை வந்து அவள் கையைத் தேடிப் பிடிக்கும். இரண்டு தடவை அமுக்கும். அமுக்கிவிட்டுச் சும்மா இருக்கும், எதற்கோ காத்திருக்கிற மாதிரி. பிறகு தளர்ந்துவிடும், குறட்டை வரும். ஹாஸ்டலில் வளர்ந்த பெண்ணுக்கு என்ன தெரியும். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. எது செய்தாலும் நாணமில்லாதவள் ஆகிவிடுவோமோ என்று கட்டை மாதிரி கிடந்தாள். நாள்பட அது அவளுக்கு ஜெபத்துக்கு ஆமென் மாதிரி ஆகிவிட்டது. சண்டை போட்டு முதுகைத் திருப்பிப் படுத்த ராத்திரிகளிலும் கை வந்தது. மகள் பிறந்த ராத்திரி மட்டும் இல்லை, அன்றைக்கு நாகர்கோவிலில் ஆட்டம். விடிந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக வந்து நின்றார்கள், பிள்ளையை முதலில் வாங்கினது ஆவுடையப்பன். போகட்டும். ‘அவுங்க வாயால எதுவும் சொல்லமாட்டாங்க, கையால சொல்லுவாங்க’ என்று அக்காவிடம் பெருமையடித்திருக்கிறாள். இரண்டு அமுக்கு, இரண்டு வார்த்தை. அது என்ன இரண்டு வார்த்தை என்று அவளாகவே மனசுக்குள் பலவிதமாக நிரப்பி வைத்திருந்தாள், வயதுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொண்டும் வந்தாள். அப்புறம் ஆவுடையப்பனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. கஞ்சி ஃபிளாஸ்கோடு அவள் வாசலில் வந்து நின்றபோது அவன் மயக்கம் தெளியாமல் கிடந்தான், ஆசீர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்திருந்தார். இரண்டு தடவை அமுக்கினார். காத்திருந்தார். கண் திறக்காமலே அவன் விரல் மடங்கி ஒரு தடவை அமுக்கிற்று. ‘சரி, இருக்கான்’ என்று எழுந்தார் ஆசீர், காப்பி குடிக்கப் போகிறவர் மாதிரி நிம்மதியாக. அது என்ன என்று கேட்டாள். ‘எதுட்டி? ஓ, அதா. ரிங்குல உள்ளது. விழுந்து கெடக்கும்போது வாயத் தொறந்து கேக்க முடியாதுல்லா. ரெண்டு தடவ அமுக்கினா இருக்கியான்னு கேக்கது. ஒரு தடவ திருப்பி அமுக்கினா இருக்கேன்னு அர்த்தம்.’ ஃபிளாஸ்க் சுடவில்லை, ஆனால் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இருக்கியா. அவ்வளவுதான். இத்தனை வருஷம் அவள் பூப்போட்டுப் புறாப்போட்டு வைத்திருந்த இரண்டு வார்த்தை இல்லை அது, ஒரே வார்த்தை, அதுவும் ஆம்பிளை வார்த்தை, வியர்வையும் பாயுமாக. அதிலிருந்து இந்த முடிச்சு அவிழவில்லை, அவிழ்க்க அவிழ்க்க இறுகுகிறது. தூக்கத்தில் அவனை நினைத்துக்கொண்டா கேட்டார்? கட்டிலை ரிங் என்றும் அவளை ஆவுடையப்பன் என்றும் நினைத்தா? அல்லது அவளைத்தான் கேட்டாரா, தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில், இருக்கியா குளோரி என்று? அவளைத்தான் என்றால் இன்னும் மோசம். அப்படியென்றால் ராத்திரி தவறாமல் அவர் கேட்டிருக்கிறார், ராத்திரி தவறாமல் அவள் செத்தவள் மாதிரி கிடந்திருக்கிறாள், இருக்கேன் என்று ஒரு விரலை மடக்கத் தெரியாமல். இவன் மயக்கத்திலும் பதில் சொல்லுகிறான். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பதில் சொல்லியிருக்கலாமே என்றால், சொல்லவில்லை. அவன் வாயிலிருந்து எடுத்த எச்சில் மாதிரி இருந்தது. எனக்கென்று ஒரு கேள்வி கொண்டு வாங்க, அப்போது பதில் சொல்லுகிறேன் என்று படுத்திருந்தாள். கை வந்தது, அமுக்கிற்று, காத்திருந்தது, தளர்ந்தது.

மேடையில் ஆசீர் இப்போது அடி வாங்கிக்கொண்டிருக்கிறார். ஆவுடையப்பன் காலை உதறிப் பாயில் ஓங்கி மிதிக்கிற சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது, கை சும்மா மார்பில் படுகிறது, தெரிந்தவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் அவர் கழுத்து பின்னால் வெட்டுகிறது, அந்த வெட்டு நடிப்பா நிஜமா என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரியும். கை கால் விழுந்துவிட்டால்? ஜன்னலோரக் கட்டில், தண்ணீர் மெத்தை, கரண்டியில் கஞ்சி. அதையெல்லாம் செய்துவிடுவாள், செய்யத் தெரியாதவள் இல்லை, வாய் கொஞ்சம் பேசும், கை வேலை செய்யும். ஆனால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டுமே, தூக்கிக் குளிப்பாட்ட வேண்டுமே, அவளால் தூக்க முடியாது. காலையில் மண்டி திறப்பதற்கு முன் ஆவுடையப்பன் வந்துவிடுவான். ‘நகருங்க மைனி’ என்பான். எங்கே கை கொடுத்தால் நோகாது என்று அவனுக்குத் தெரியும், ஒரே தூக்காகத் தூக்குவான், இவர் குழந்தை மாதிரி சாய்ந்துகொள்வார், அவள் துண்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். கடைசியில் படுத்துவிட்டாலும் அவனுக்குத்தானா. பயத்துக்கு நடுவில் பொறாமை வந்து நாற்காலி போட்டு உட்காருகிறதே என்று அவளுக்கே அருவருப்பாக இருக்கிறது. இருந்தாலும் எழுப்பிவிட முடியவில்லை.

ஆவுடையப்பன் கடைசிக் குத்துக்குக் கையை ஓங்குகிறான், ஆசீர் குனிந்து தப்புகிறார், திருப்பிக் கொடுக்கிறார், ஒன்று, இன்னொன்று, ராட்சசன் தள்ளாடி மூலைக்குப் பக்கத்தில் மல்லாக்க விழுந்து கையை விரித்துக் கிடக்கிறான். இத்தோடு அவன் மேல் சாய்ந்து படுத்தால் போதும், ரெப்ரி மூன்று எண்ணுவான், வீட்டுக்குப் போகலாம், மிச்சக் குழம்பு இருக்கிறது. ஆசீர் சாயவில்லை. நிற்கிறார். மைக்கில் ஒருவன் ‘உங்கள் அபிமான பாளையங்கோட்டைப் பருந்து’ என்று இழுக்க ஆரம்பித்ததும் ஜனம் புரிந்துகொண்டு தாளம் போடுகிறது, பருந்து, பருந்து. அப்பளத்துக்காரியும் மடியைத் தட்டுகிறாள். ஆசீர் மூலையைப் பார்க்கிறார். பிறகு தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்க்கிறார், இரண்டாவது வரிசைப் பக்கம் வரும்போது பார்வை கொஞ்சம் தாண்டிக் குதிக்கிறது, வாசல்படியில் கிடக்கிற ஆளைத் தாண்டுவது மாதிரி. அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதல் கயிறு. ஒரு கை கம்பத்தைப் பிடிக்கிறது. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாயே பாவி. இரண்டாவது கயிறு. கீழே அவன் செத்தவன் மாதிரி கிடக்கிறான், ஆனால் விரித்த கை இரண்டும் மெதுவாக மார்புக்கு வருகின்றன, வாங்கிக்கொள்ள. விழுகிறவனைத் தாங்குவதுதான் கிடக்கிறவன் வேலை. மேலே நிமிர்ந்து நிற்கிறார், கைகளை விரிக்கிறார். மஞ்சள் பருந்து அவர் பின்பக்கத்தில் சுருங்காமல் அழகாக இருக்கிறது, அவள் தைத்தது. முகத்தில் ஒரு வெளிச்சம். அதை அவள் பார்த்ததே இல்லை, பீடத்தின் முன் மோதிரம் மாற்றும்போதுகூட. யாருக்காக அது? அவனுக்காகவா? அவன் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறான். அவனுக்காகவும் இல்லை.

குதித்துவிட்டார். பாய் இடி மாதிரி அதிர்ந்தது. ஆவுடையப்பனின் இரண்டு கையும் அவரை வாங்கின, நன்றாகத்தான் வாங்கின, ஆனால் வியர்வையில் வழுக்கி அவர் அவன் மேலிருந்து புரண்டு அவள் பக்கத்துக் கயிற்றடியில் வந்து விழுந்தார், ஒரு கை அடிக்கயிற்றுக்கு வெளியே தொங்கிற்று. எழும்பவில்லை. ஜனம் கைதட்டுகிறது. ரெப்ரி என்ன எண்ணுவதென்று தெரியாமல் நிற்கிறான். ஆவுடையப்பன் மல்லாந்தபடியே கையை நீட்டி அவருடைய இன்னொரு கையைத் தேடிப் பிடிப்பதை அவள் பார்க்கிறாள். அமுக்குகிறான், அமுக்குகிறான். காத்திருக்கிறான். மறுபடி. பிறகு செத்தவன் வேஷத்தைவிட்டுத் தலையைத் தூக்கி, நேராக இரண்டாவது வரிசையைப் பார்க்கிறான். அவ்வளவு பெரிய முகத்தில் அவ்வளவு சின்னக் கண்கள். மைனி என்று வாய் மட்டும் அசைகிறது. கைப்பை விழுந்தது, அப்பளம் நொறுங்கியது, ‘எக்கா, எங்க போறீய?’ என்று பின்னால் குரல் கேட்டது; அவள் மேடையோரத்தில் நின்றாள். மேடை அவள் மார்பளவு உயரம், அவர் முகம் அவள் முகத்துக்கு நேரே, கண் மூடி, உதட்டோரத்தில் மீசை மை. ‘வேண்டாம்னுதான் சொன்னேன் மைனி’ என்கிறான் ஆவுடையப்பன், அழுகிற குரலில், ‘பிடில வச்சிக் கெஞ்சுனேன். கேக்கல.’ அட, இவன் பேச்சையும் கேட்கவில்லையா. அந்த நேரத்திலும் அவளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் குதித்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம், தனக்குக் கிடைக்காத பண்டம் பக்கத்து வீட்டுக்காரிக்கும் கிடைக்கவில்லை என்று தெரிகிறபோது வருகிற மாதிரி. அடுத்த நொடி அது போய்விட்டது. தொங்குகிற கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது, நல்லெண்ணெய் வழுக்கிற்று. இரண்டு தடவை அமுக்கினாள்.

ஒன்றும் இல்லை. ராத்திரி தவறாமல் அவர் காத்திருந்தது இப்படித்தான் இருந்திருக்கும். ஆண்டவரே, ஒரு விரல். மறுபடியும் இரண்டு தடவை. கூட்டத்தின் சத்தம் தூரத்துக் கடல் மாதிரி போய்விட்டது. அப்புறம் அந்த விரல்கள், வேலைக்கு வந்த ஆள் சோம்பல் முறிப்பது மாதிரி, ஒவ்வொன்றாக மடங்கின. ஒரு தடவை அமுக்கின. இருக்கேன். அவள் மூச்சு விட்டாள். கட்டிலில் கிடந்தவளைக் கேட்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று இருட்டில் பார்த்ததே இல்லையே என்று நினைத்தாள், இப்போது பார்த்தாள், ஏனென்றால் அந்தக் கை நிறுத்தவில்லை, திருப்பிக் கேட்டது, இரண்டு தடவை. உதடு அசைந்தது. ‘ஆவுடை?’ என்றார், கண்ணைத் திறக்காமல்.

மேடையில் ஆவுடையப்பன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். அவன் மெதுவாகத் தன் கையை அவருடைய மற்றக் கையிலிருந்து எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான். இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எந்த சிஸ்டரும் சொல்லித் தரவில்லை. அவர் கேட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார், அவளை இல்லை, அவனை. அவள் ஒரு தடவை அமுக்கினாள். சும்மா அமுக்கவில்லை, அத்தனை வருஷத்தையும் சேர்த்து, ஐந்து நகமும் புறங்கைச் சதையில் இறங்குகிற மாதிரி, பிறை பிறையாகப் பதிகிற மாதிரி அமுக்கினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவருடைய இரண்டு காலும் விலுக்கென்று உதறின. ஆவுடையப்பன் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜனம் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது. ஆசீர் முகத்தைச் சுளித்தார்.

‘ஏட்டி’ என்றார், ‘நகத்த வெட்டுன்னு எத்தன தடவ சொல்லுதேன்.’